மாவட்ட சுகாதாரப் பேரவைக்கு ஒரு மடல்: கணிப்பு கிராமசபைக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய பேரவை உறுப்பினர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும், வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நோய்களை முன்கூட்டியே கணிப்பது பற்றிய பேச்சு துறையில் வலுத்துவரும் வேளையில், துணை சுகாதார நிலையத் திண்ணையிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா’ திட்டத்தில், நோயாளியின் உடல் எடை-உயரக் கணக்கு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே பிரித்தெடுத்தார்கள். அந்த விவரங்களிலிருந்தே இறப்பின் சாத்தியத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி 2025இல் அத்திட்டத்தின் செயலியில் சேர்ந்தது. அது பயன்படுவதற்குக் காரணம் கணக்கின் நுட்பம் மட்டுமல்ல. ஆபத்தானவர் என்று தெரிந்தவருக்கு மருத்துவமனையில் படுக்கை தர ஏற்பாடு முன்பே இருந்தது. கணிப்புக்குப் பின்னால் செயல் காத்திருக்க வேண்டும்.

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றில் நிலைமை வேறு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. அதனால் சேர்ந்த தகவலும் ஏராளம். ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் 120/80, 130/80, 140/90 என்று தோராயமாகப் பூச்சியத்தில் முடித்து எழுதிய எண்களே வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு நாளைக்கு நாற்பது வீடு ஏறி இறங்கி, அதையே நோட்டிலும் செல்பேசியிலும் இருமுறை ஏற்றி, சிக்னல் கிடைக்கும் மேட்டில் இரவு நின்று அனுப்புகிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது (நானும் அப்படி எழுதியவள்தான்). அந்தப் பூச்சியங்களைப் படித்துக் கற்கும் இயந்திரமோ நம் களைப்பையும் நோயாகவே எண்ணிக்கொள்ளும். எனவே முதலில் இரட்டைப் பதிவை ஒழியுங்கள்.

ஒருமுறை எங்கள் பகுதியில் பதினான்கு பெண்கள் ‘தொடர் சிகிச்சைக்கு வராதவர்கள்’ என்று பட்டியலில் சிவப்பாக நின்றார்கள். போய்க் கேட்டோம். நூறு நாள் வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மாத்திரை தரும் தன்னார்வலர் வருவதோ பத்து மணிக்கு. மாத்திரையை வேலைத்தளத்துக்கே கொண்டுபோன மாதத்தில் பட்டியலில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். இந்தக் காரணத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஊரில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது, ஜனவரி 26 கூட்டமானாலும் சரி, அந்த ஊராட்சியைப் பற்றிக் கணினி கணித்ததைப் பெயர்கள் இன்றி, எண்ணிக்கையாக மட்டும், எளிய தமிழில் வாசித்துக் காட்டச் செய்யுங்கள். எந்தக் குக்கிராமத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று தெரிந்தால், எந்தப் பேருந்து நின்றுபோனது என்று ஊரார் சொல்வார்கள். கிராம சுகாதாரக் குழுவின் நிதியும் அவர்கள் தேர்ந்த தேவைக்கே போகட்டும். பெயர்கள் மட்டும் எக்காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது. காசநோய் என்ற ஒரு சொல்லால் கல்யாணம் நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கணினியின் முடிவு தவறு என்று ஊர் சொன்னால் அதை யார் பதிவுசெய்வது, எத்தனை நாளில் திருத்துவது என்பதற்கும் ஒரு நடைமுறை வேண்டும். அந்தப் பொறுப்பு வட்டார மருத்துவ அலுவலரிடம் இருக்கலாம் என்பது என் கருத்து. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன் இரண்டு ஊராட்சிகளில் இதைச் செய்து பார்க்க அனுமதி தாருங்கள். சம்பளமின்றி உடன் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்