விதி மாறும்போது பாலிசிதாரரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காப்பீட்டு விதி எதுவும் மாறினால் வணிகப் பக்கத்தில் 'இன்சூரன்ஸ் பங்குகள் சரிவு' என்று பெரிய எழுத்தில் வருகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் எல்ஐசி ஏஜெண்டாக இருக்கும் எனக்கு அன்று முழுவதும் போன் ஓயாது. "அக்கா, நாங்க கட்டின பணம் போச்சா?"

2023 பட்ஜெட் அன்று அப்படித்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எடுக்கும் பாலிசிகளுக்கு ஆண்டு பிரீமியம் 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு இல்லை என்றார்கள். சில நிறுவனங்களின் பங்கு ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் விழுந்தது. என்னிடம் பாலிசி எடுத்திருப்பவர்கள் தென்னை விவசாயிகள், தையல்காரர்கள். ஆண்டுக்கு 5 லட்சம் கட்டுகிறவர் அவர்களில் யார்? பழைய பாலிசிக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எல்ஐசி பாலிசித் தொகைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் உத்தரவாதம் இருப்பதையும் நான்தான் வீடு வீடாகச் சொன்னேன்.

ஒரு விதி அறிவிக்கப்பட்ட நாளையொட்டிப் பங்கு எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதை, மொத்தச் சந்தையின் போக்கைக் கழித்துவிட்டு ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அது பங்குதாரரின் கணக்கு. 1988இல் கலிபோர்னியா மக்கள் பிரீமியத்தை 20 சதவீதம் குறைக்கச் சொல்லி வாக்களித்தார்கள். காப்பீட்டுப் பங்குகள் விழுந்தன. பிரீமியம் கட்டுகிறவருக்கு அது நல்ல செய்தி அல்லவா?

இங்கும் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல், புதிய பாலிசியில் முதல் ஆண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டி ஓராண்டு முடித்தவருக்கும், பாலிசியை இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் தொகை உண்டு. அதற்கு முன் ஓராண்டோடு நிறுத்தியவர்கள் கட்டியது அத்தனையும் இழந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புது விதியோடு எங்கள் முதலாண்டு கமிஷனும் குறைந்தது. இருந்தாலும் இது நியாயமான விதி. இதைப் பற்றி வந்த செய்திகளில் நிறுவனங்களின் லாபம் குறையும் என்ற கவலையே அதிகம்.

எல்ஐசி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றதையொட்டி, லாபப் பங்குள்ள, அதாவது போனஸ் தரும், எல்ஐசி பாலிசிகளின் உபரியில் பாலிசிதாரருக்குப் போகும் 95 சதவீதத்தைப் படிப்படியாக 90 ஆக்க முடிவானது. போனஸை எதிர்பார்த்திருப்பவருக்கு அதைவிட முக்கியமான செய்தி எது? எங்கள் ஊரில் பலருக்கு அது இன்றும் தெரியாது.

தமிழ்வழியில் படித்த எங்கள் பெரியவர்களுக்கு மலையாள, ஆங்கில அறிவிப்புகள் எட்டுவதில்லை. தங்கள் பத்திரிகையைத்தான் நம்பியிருக்கிறார்கள். இனி இப்படிச் செய்தி வரும்போது, விதி எந்தத் தேதிக்குப் பின் எடுத்த பாலிசிக்கு, எவ்வளவு பிரீமியத்துக்கு என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். பங்கு விலை அடுத்த பத்தியில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓர் எல்ஐசி ஏஜெண்ட்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.