சீ.ஆர். கொப்பியும் என் கடையும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
ஞாயிறு இரவு

அன்பின் தோழி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. ஆடி முடிந்ததும் கல்யாணங்கள் வரிசையாக வந்துவிட்டன. இரவு ஒன்பது மணிக்கு முன் கடை பூட்ட முடியவில்லை. இன்றைக்குத்தான் பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? மட்டக்களப்பில் வெயில் இன்னும் தணியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பின்னேரத்தில் கடற்காற்று வருகிறது, அதுவரை மெஷினடியில் வெந்துதான் போகிறோம்.

உன் கடிதத்தில் ஒரு வரி மனதிலேயே நிற்கிறது. “நாலு மாதமாகச் சமூக வலைத்தளத்தில் என் மிளகாய்த்தூளின் படம் போடுகிறேன், பார்த்து வாழ்த்துகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர், தூள் வாங்க ஒருவரும் வரவில்லை” என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்கு என் போன வருஷத் தீபாவளிதான் நினைவுக்கு வந்தது. உனக்கு அதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

என் தையற்கடைக்கும் அங்கே ஒரு பக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. தைத்த ஒவ்வொரு பிளவுஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துப் போடுவேன். தீபாவளிக்கு இரண்டரைக் கிழமை இருக்கும்போது ஒரு நாள் காலையில் உள்ளே போகப் பார்த்தால் திறக்கவில்லை. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். முறைப்பாடு எழுதினேன், அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. வருஷத்தின் பெரிய சீசன். பக்கத்துக்கு வருகிற செய்திகளில்தான் பாதி ஓடர் கிடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் கடைக்குள் நின்று அழுதேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம் கடையில் வேலை செய்யும் பிள்ளை மேசை லாச்சியைத் திறந்து பழைய சீ.ஆர். கொப்பிகளை, அதுதான் அந்தத் தடித்த மட்டைக் கொப்பிகளை, எடுத்து முன்னால் வைத்தாள். நாலு கொப்பி. கடை திறந்த நாளிலிருந்து அளவு எழுதி வந்தவை. பெயர், போன் நம்பர், மார்பு, இடுப்பு, கை நீளம், முன் கழுத்து இறக்கம், பின் கழுத்து இறக்கம். சில பக்கங்களில் துணித் துண்டு ஒன்றை ஊசியால் குத்தியும் வைத்திருந்தேன். “அக்கா, இவ்வளவு பேரின் நம்பரும் எங்களிடம் இருக்குதே” என்றாள். அந்த நிமிஷம் வரை எனக்கு அவை வெறும் அளவுக் கொப்பிகள்.

அன்றே தொடங்கினேன். காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை, ஒரு நாளைக்கு இருபது பேர். வீட்டு வேலை முடிந்து சமையல் தொடங்காத நேரம் அது. தீபாவளித் தள்ளுபடி என்று எதுவும் சொல்லவில்லை. “உங்களுக்கு மாம்பழ நிறத்தில் ஒன்று தைத்தேனே, கை சரியாக இருக்கிறதா?” என்று கேட்டேன். முன்னால் கொப்பி திறந்திருக்கும்போது அது பொய்யில்லை, நடிப்பும் இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், இருபது நிமிஷம் கதைத்தார். சுகமில்லாமல் இருந்து உடம்பு மெலிந்துவிட்டது, இருக்கிற பிளவுஸ் எல்லாம் தொளதொளவென்று நிற்கிறது, அதனால் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன் என்றார். நான் ஓட்டோவில் போய் ஏழு பிளவுஸை எடுத்துவந்து பிடித்துக் கொடுத்தேன். அந்த அன்ரியால் அந்த ஒரு மாதத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். மகள், மருமகள், மேல்மாடி வீட்டுக்காரி, கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர். அந்தத் தீபாவளிக்கு முந்தின வருஷத்தை விட நாலு ஓடர்தான் குறைவு.

இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் போடுவது கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் புதிதாக ஒன்று திறந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உன்னிடம் வாங்குகிற ஆளின் பெயரும் நம்பரும் உன் கைக்குள் இருக்க வேண்டும். 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் என்று பல தடவை இந்த நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். அந்த நாட்களில் கொப்பி வைத்திருந்த கடைக்காரரால் வாடிக்கையாளரை எடுத்துக் கதைக்கவாவது முடிந்தது.

சரி, நான் செய்து பார்த்ததில் உனக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் போன் எடுக்க நேரம் இருக்காது. அதனால் வருஷத்தில் மூன்று தடவை குறுஞ்செய்தி அனுப்புகிறேன். தைப்பொங்கல், சித்திரை, தீபாவளி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்தியில் 160 எழுத்து அடங்கும், தமிழில் அடித்தால் 70தான். அதுவும் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். “கொழும்பு” நமக்கு நாலெழுத்து, போனின் கணக்கில் எட்டு. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு போகும். நான் அனுப்பியது இதுதான்: “தீபாவளித் தையல் 10ஆம் திகதி வரை. உங்கள் அளவு எம்மிடம் உண்டு.” எண்ணிப் பார், 60. அந்த இரண்டாவது வசனத்துக்குத்தான் ஆட்கள் வந்தார்கள் என்று நினைக்கிறேன். திரும்ப அளவு எடுக்க வரத் தேவையில்லை, துணியைக் கொடுத்துவிட்டால் போதும் என்பது வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் ஒருவரைக் கேட்காமல் அனுப்பாதே. இப்போது கொப்பியில் ஒரு கோடு கூடப் போட்டிருக்கிறேன், “செய்தி அனுப்பலாமா?” என்று கேட்டு ஓம், இல்லை என்று எழுதுவேன். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்பி நம்பரைத் தந்த பெண்ணுக்கு இது மரியாதை. நம்பரைக் கேட்டு வேறு கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தபோது, தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அடுத்தது, உனக்கு முன்னால் வாடிக்கையாளரைப் பார்க்கிற ஆள் யார் என்று யோசி. எனக்கு அது சாறிக் கடை. சாறி வாங்கினவள் பிளவுஸ் தைக்க எங்கேயாவது போகத்தானே வேண்டும்? காலி வீதியில் ஒரு சாறிக் கடையில் காசு வாங்குகிற அக்காவுடன் பழகி, என் அட்டைகளைப் பையில் போடச் சொன்னேன். அவவுக்குக் கமிஷன் கொடுக்கவில்லை, அவவும் கேட்கவில்லை. ஆனால் உள்துணியும் லேசும் அவர்கள் கடையில்தான் வாங்கச் சொல்லி ஆட்களை அனுப்புகிறேன். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் கொஞ்சம் மலிவுதான், என்றாலும் ஒரு பிளவுஸுக்காக யாரும் பஸ் ஏறிப் போக மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய உதவி நடன ரீச்சரிடம் இருந்து வந்தது. இந்தப் பகுதியில் பரத வகுப்புகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். ஒரு ரீச்சருக்கு முப்பது பிள்ளைகள், நிகழ்ச்சிக்கு முப்பது உடை. முதல் தடவை ஒரு பிள்ளைக்கு மட்டும் தைத்துக் கொடுத்தேன். விசிறி மடிப்பு குனிந்து நிமிரும்போது பிரிந்து திரும்பச் சேர வேண்டும். அதற்காக அந்தப் பிள்ளையைக் கடையிலேயே அரைமண்டியில் இருக்கச் சொல்லி மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். ரீச்சர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பன்னிரண்டு பிள்ளைகளை அளவுக்கு அனுப்பினார். அரங்கேற்ற மலரில் கால் பக்க விளம்பரமும் ஒரு தடவை கொடுத்தேன். மலரைப் பெற்றோர் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஒரு வருஷம் கழித்தும் அதைப் பார்த்து ஒருவர் எடுத்தார்.

பெயர்ப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கடை லேனுக்குள் இருப்பதால் காலி வீதியில் போகிறவருக்குத் தெரியாது. மாநகர சபையில் அனுமதி எடுத்து, லேன் தொடங்கும் இடத்தில் சிறிய பலகை ஒன்று வைத்தேன். மூன்று மொழியிலும் எழுதினேன். இப்போது வருகிறவர்களில் சிங்களப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நிறைய. கடைப் பெயரைச் சின்னதாக்கி, “சாறி பிளவுஸ் தைக்கப்படும்” என்பதையும் நம்பரையும் பெரிதாகப் போட்டேன். நூறாம் நம்பர் பஸ்ஸில் நெரிசலில் இருக்கிறவர் வாசித்து முடிக்கும் அளவுக்குத்தான் எழுத்து இருக்க வேண்டும். பஸ்ஸுக்குள் இருந்தே எடுத்து “இப்போது இறங்கினால் திறந்திருக்குமா?” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே தொடர்மாடிகள் அதிகம். லிப்ட்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் பலகை இருக்கும், அங்கே குடியிருக்கிற வாடிக்கையாளர் ஒருவர் மூலம் நிர்வாகத்திடம் கேட்டு ஒட்டலாம். நோட்டீஸ் அடித்துப் பத்திரிகைக்குள் செருகிப் பார்த்தேன், ஆயிரம் நோட்டீஸுக்கு மூன்று பேர். அது வேண்டாம். ஞாயிறு வீரகேசரியில் சிறு விளம்பரம் கல்யாண மாதங்களுக்கு முன்னால் மட்டும் கொடுப்பேன். மணமக்கள் தேவைப் பகுதியை வாசிக்கிற வீட்டில் சீக்கிரம் தையல் வேலை வரும் என்ற கணக்கு. வானொலி நமக்குக் கட்டாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழி. ஜூலை, ஆகஸ்ட்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து, பத்து நாளில் தைத்துத் தர வேண்டும் என்று நிற்பார்கள். அவர்கள் போனில் கூகிள் வரைபடத்தைத் திறந்து பக்கத்தில் உள்ள தையற்கடையைத் தேடுகிறார்கள். அதில் கடையைப் பதிவது இலவசம். ஆனால் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக்குப் பூட்டுகிறாயா, எத்தனை மணிக்குத் திறக்கிறாய் என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒரு பெண் தெஹிவளையிலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனாள். அந்தப் பிழை என்னுடையது, இன்றைக்கும் மனதைக் குத்துகிறது. அவர்களிடம் மின்னஞ்சல் வாங்கி வைத்திருக்கிறேன். வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அளவையும் மாதிரியையும் அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது உன் தூளுக்கு வருகிறேன். உன் நிலைமை என்னுடையதை விட நல்லது. என்னிடம் ஒருத்தி வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். உன் தூள் மாதாமாதம் முடிகிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வருகிறது என்று வாங்குகிறவரிடமே கேட்டு எழுதி வை. முடிவதற்கு ஐந்து நாள் முன்னால் எடுத்து, “தூள் முடிகிற நேரம், இந்தத் தடவை உறைப்பு அதே அளவா, குறைக்கவா?” என்று கேள். அந்தக் கேள்வியைப் பெரிய கம்பனி எதுவும் அவளிடம் கேட்காது.

உன் பொதியைப் பார்த்தேன், போன தடவை நீ தந்தது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. எடை, விலை, திகதி எல்லாம் போட்டிருக்கிறாய், போன் நம்பர் எறும்பு போல ஒரு மூலையில் கிடக்கிறது. ஒரு மாதம் முழுக்க அடுப்படியில் அவள் கண்முன் இருக்கப்போவது அந்தப் பொதிதான். கண்ணாடி போடாமல் அம்மாவால் வாசிக்க முடிகிறதா என்று பார்த்து அச்சடி. பிறகு, உங்கள் ஊரில் அன்னதானத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் சமைக்கிற ஆட்களைப் போய்ப் பார். கால் கிலோ சும்மா கொடு. அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் எந்தத் தூள் என்று கேட்பார்கள். சாப்பாட்டுக் கடை முதலாளிமாரிடம் கடனுக்குக் கொடுப்பதில் மட்டும் கவனமாக இரு, சின்ன முதலோடு தொடங்குகிற நமக்கு இரண்டு மாதப் பாக்கியே தாங்காது.

ஒரு புதுச் சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயர், இடம், நம்பர், எவ்வளவு, உறைப்பு எப்படி, எப்போது முடியும், செய்தி அனுப்பலாமா. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் தம்பி மட்டக்களப்புக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். முதல் வரியை நானே நிரப்பிவிட்டேன்: என் பெயர், வெள்ளவத்தை, மிளகாய்த்தூள் ஒரு கிலோ, அரிசி மா இரண்டு கிலோ, உறைப்பு வழமை போல, செய்தி அனுப்பலாம். தம்பி திங்கட்கிழமை திரும்புகிறான், அவனிடமே கொடுத்து விடு. காசு அவன் தருவான், வாங்காமல் விடாதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தோழி