பில்லில் ‘வெள்ளைக் கல்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடைகளில், உலைக்குள் அடுக்கும் சூடு தாங்கும் கல்லை ‘வெள்ளை ஃபயர் பிரிக்’ என்று கேட்டால் பெரும்பாலும் லேசான கல் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். பில்லிலும் ‘வெள்ளைக் கல்’ என்றுதான் இருக்கும். அது எவ்வளவு சூடு தாங்கும் தரம், கே-23ஆ, கே-26ஆ, இல்லை உலையின் வெளிச்சுற்றுக்கு மட்டும் வைக்கும் கல்லா என்பது தெரியாது. நகைப் பட்டறைக்காரர், கொல்லர், கரிகிரி பாணியில் மெருகுப் பானை சுடுபவர் மூவரும் அதையே வாங்கிப் போகிறார்கள். மூவருக்கும் வேண்டியது ஒரே கல் அல்ல.

கே-க்குப் பின்னால் வரும் எண்ணை நூறால் பெருக்கினால் ஃபாரன்ஹீட் வரும். கே-23 என்றால் 2300, அதாவது 1260 செல்சியஸ். கே-26 என்றால் சுமார் 1430. இது தினமும் ஓட்டுகிற சூடு அல்ல. அந்த வரம்பை ஒட்டி 24 மணி நேரம் சுட்டபின் கல் 2 சதவீதம் வரை சுருங்கலாம் என்பதுதான் சோதனையின் கணக்கு. 230 மி.மீ. கல்லில் 2 சதவீதம் 4.6 மி.மீ.; இணைப்பு வாய் பிளக்க அது போதும். எண்ணுக்கு 100 டிகிரி கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. தங்கம் உருகுவது 1064 டிகிரியில் என்பதால் நகைப் பட்டறைக்குக் கே-23 தாங்கும். இரும்பை ஒட்டவைக்கும் கொல்லனின் உலை 1250-ஐத் தாண்டும், அங்கே கே-26க்குக் குறைந்து வாங்கக் கூடாது.

கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். 230 × 115 × 75 மி.மீ. அளவில் துளையில்லாத பழைய ரக கெட்டி ஃபயர் பிரிக் (கெட்டிக் கல்) 4 கிலோவுக்கு மேல் நிற்கும். கே-23 ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது, கே-26 ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். நகத்தால் கீறினால் கே-23இல் கோடு விழும். ஆனால் லேசாக இருப்பதெல்லாம் சூடு தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செம்பழுப்பு நிறத்தில் வரும் ‘கோல்டு ஃபேஸ்’ கல்லும் லேசுதான். 900 டிகிரியை ஒட்டியே அது சுருங்கத் தொடங்கிவிடும். தீ படும் பக்கம் அதை வைத்தால் சில நாளிலேயே உள்சுவர் உதிரும்.

லேசான கல்லில் மிச்சமாவது எரிபொருள். நூறு கெட்டிக் கல் என்றால் 420 கிலோ. அது சராசரியாக 600 டிகிரி ஏற, கல் குடிக்கும் சூடு மட்டுமே ஐந்தரை கிலோ கேஸுக்குச் சமம். 19 கிலோ சிலிண்டரில் கால் பாகத்துக்கு மேல்! அதே நூறு கல் கே-23ஆக இருந்தால் ஒன்றரை கிலோ கேஸ் போதும். தினமும் பற்றவைத்து அணைக்கும் பட்டறையில் இந்த வித்தியாசம் பெரிது. நாள்கணக்கில் அணையாமல் எரியும் உலையில் இது அவ்வளவாகத் தெரியாது.

இந்த லேசான கல்லுக்கு எமன், உலோகத்தை ஒட்டவைக்கும்போது தூவும் வெங்காரம் (போராக்ஸ்). பொடி வைத்து ஊதும்போது வழியும் வெங்காரம் கல்லின் துளைக்குள் இறங்கிக் கண்ணாடியாக உருகும், கல்லையும் சேர்த்துக் கரைக்கும். நகை வேலையில் வழிவது சொட்டுக் கணக்கு என்பதால் சமாளிக்கலாம். மேற்பரப்பு பளபளத்தால் கல்லைப் புரட்டிப் போடுங்கள், ஆறு முகமும் தீர்ந்தபின் இரண்டு கல்லை ஈரத்தோடு ஒன்றோடொன்று தேய்த்துச் சமப்படுத்துங்கள். (அந்தத் தேய்ப்பு மண்ணைக் கொட்டிவிடாமல் பட்டறைக் குப்பையோடு சேர்த்து வையுங்கள், அதிலும் பொன் இருக்கும்.) ஈயப் பற்று வேலைக்குத் தனிக் கல் வேண்டும். ஈயம் ஊறிய கல்லில் தங்கத்தையோ வெள்ளியையோ வைத்துக் காய்ச்சினால் அதில் குழி விழும்.

கொல்லுப்பட்டறையில் வெங்காரத்தைக் கரண்டியால் அள்ளித் தூவுகிறார்கள். போதாததற்கு இரும்புச் செதிலும் விழுகிறது. லேசான கல்லைத் தரையாக வைத்தால் ஓரிரு வாரத்தில் பள்ளம் விழுந்துவிடும். தரையில் 25 மி.மீ. கனத்தில் உயர் அலுமினா பலகை ஒன்றைப் போட்டுவிட்டு, அடியிலும் பக்கத்திலும் மேலேயும் லேசான கல்லை வையுங்கள். உப்பைத் தூவிப் பானைக்கு மெருகேற்றும் சூளையிலும் அந்த உப்பின் சோடியப் புகை இதே வேலையைத்தான் செய்யும்.

அரிவாள், உளி அடிக்கும் சிறிய கேஸ் உலை கட்ட ஏழு கல் போதும். தரைக்கு இரண்டைப் படுக்கையாகச் சேர்த்துப் போடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை ஒருக்களித்து நிறுத்துங்கள். மேலே இரண்டு, பின்னால் மறைக்க ஒன்று. உள்ளே 80 மி.மீ. அகலம், 115 உயரம், 230 நீளம் கிடைக்கும்; பலகை போட்டால் உயரம் 90. பர்னர் ஓட்டைக்கு ஹேமர் டிரில்லைத் தொடவே வேண்டாம், கல் இரண்டாகிவிடும். ஒரு அங்குல இரும்புக் குழாயின் முனையில் பல் வெட்டிக் கையால் திருகினாலே இறங்கும். தீ எதிர்ச் சுவரில் நேரே மோதாமல் சுழலும்படி ஓட்டையைச் சாய்த்துப் போடுங்கள். சுற்றிலும் இரும்பு ஆங்கிள் வைத்து போல்ட்டால் பிடித்தால் போதும், நெரிக்க வேண்டாம். மயிரிழை விரிசல் விழத்தான் செய்யும், விழட்டும்.

கல்லோடு கல்லை இணைக்கும் பூச்சுக்குச் சிமெண்ட் ஆகாது, 500 டிகிரிக்குள் அதன் பிடிப்பு போய்விடும். ஃபயர்கிளே சாந்து போதும். கல்லை ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்தபின் 2 மி.மீ.க்கு மேல் போகாமல் பூசுங்கள். காய்ந்த கல்லில் பூசினால் சாந்திலிருக்கும் தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும், சாந்து பொடியாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த கல்லை எடுத்து நேராகத் தீ காட்டுவதும் நடக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். எடை 200 கிராம் கூடியிருந்தால் அவ்வளவும் ஈரம். 110 டிகிரியை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக் காயவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

ஹேக்சா பிளேடால் வெண்ணெய் மாதிரி அறுபடும் என்பதால் பலர் வெறும் மூக்கோடு அறுக்கிறார்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. என்-95 மாஸ்க் போட்டு, கல்லை நனைத்துக்கொண்டு அறுங்கள். விளக்குமாறு வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

தொழிற்சாலை உலைக்கு லாரியில் கல் இறங்கும்போது சோதனைச் சான்றிதழும் கூடவே வருகிறது. பத்துக் கல் வாங்குபவருக்குச் சான்றிதழ் வேண்டாம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த ஒரு எண்ணைக் கடைக்காரர்கள் பில்லில் எழுதித் தந்தால் போதும். பெட்டியில் எண்ணே இல்லாத கல்லைத் தீ படும் பக்கத்துக்கென்று விற்காமலும் இருக்க வேண்டும்.

— வாசகர், காட்பாடி