வயலின் கட்டும் ஊரிலிருந்து வந்த பேஸ் கிட்டார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியிடமிருந்து 1972-இல் லண்டனில் திருடப்பட்ட ஹெஃப்னர் பேஸ் கிட்டார், அரை நூற்றாண்டு கழித்து அவரிடமே திரும்பி வந்ததைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதைத் தேடி அலைந்தவர்களின் உழைப்பைக் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கருவியை 'மலிவு விலைக் கிட்டார்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, இன்று ஏலத்துக்கு வந்தால் அது எத்தனை கோடிக்குப் போகும் என்பதற்கு இரண்டு பத்திகள் கொடுத்திருந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அந்தக் கிட்டார் செய்யப்பட்ட பூபென்ராய்ட் என்ற ஊருக்கு, ஜெர்மனியில் நான் வேலை செய்யும் எர்லாங்கன் நகரிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். அந்த ஊரின் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லாததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஹெஃப்னர் நிறுவனம் 1887-இல் ஷேன்பாக் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. இன்று செக் குடியரசில் லூபி என்ற பெயரில் இருக்கும் அந்த ஊரில், தலைமுறை தலைமுறையாக வயலின் கட்டுவதே தொழில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஷேன்பாக்கின் கைவினைஞர் குடும்பங்களும், தூக்கிச் செல்ல முடிந்த சொற்ப மூட்டைகளோடு எல்லையைத் தாண்டி வந்தன. சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த விவசாயக் கிராமமாக இருந்த பூபென்ராய்ட், 1949-இல் அவர்களுக்கு இடம் கொடுக்க முன்வந்தது. தன் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு அகதிகளை ஒரு சிற்றூர் மனமுவந்து ஏற்றுக்கொண்டது, போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டில் சாதாரணக் காரியம் அன்று.

வயலின், செலோ, டபுள் பேஸ் ஆகியவற்றைக் கட்டிப் பழகிய அந்தக் கைகளிடம் மின்சார பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வார்கள் என்பதற்கு விடைதான், வால்டர் ஹெஃப்னர் வடிவமைத்து 1956-இல் பிராங்க்பர்ட் இசைக்கருவிக் கண்காட்சிக்கு வந்த 500/1 மாடல். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸ் கிட்டார், கட்டையை இயந்திரத்தில் அறுத்து, கழுத்தைத் திருகாணி போட்டு முடுக்கிய கருவி. அதுவும் அருமையானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பூபென்ராய்ட்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியிலேயே போனார்கள். வயலின் உருவத்தில் உள்ளே வெற்றிடம் விட்ட கூடு, ஸ்ப்ரூஸ் மரத்தில் வளைந்த மேற்பலகை, மேப்பிள் மரத்தில் பின்பலகை. இவற்றைப் பசை போட்டு ஒட்டி, அதன் மேல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைப் பொருத்தினார்கள்.

அங்கே ஓய்வுபெற்ற கருவி பழுதுபார்ப்பவர் ஒருவரின் வீட்டில், அறுபதுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட 500/1 ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வழக்கமான பேஸ் கிட்டாரின் கனத்தை எதிர்பார்த்து வாங்கிய என் கை, பாரமே இல்லாததால் சட்டென்று மேலே போய்விட்டது. முன்கை உரசும் விளிம்பில் வார்னிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான 'குதிரை' ஒட்டப்படவே இல்லை. வயலினில் உள்ளதைப் போலத் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. தந்தி ஒவ்வொன்றுக்கும் சுருதி சரியாக நிற்பதற்காக, அந்தக் குதிரையின் மேல் கிட்டாரின் கழுத்தில் பதிக்கும் மெட்டுக் கம்பியின் சிறு துண்டுகளைத் தனித்தனியாகச் செருகியிருந்தார்கள். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடக் கூடாது, குதிரை இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று பெரியவர் இரண்டு முறை எச்சரித்தார்.

தாழ்ந்த தந்தியை மீட்டியதும் ஒலி நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டிவிட்டு உடனே அடங்கியது. தந்தியின் நீளம் ஏறத்தாழ 30 அங்குலம்தான். ஃபெண்டரில் அது 34. நீளம் குறைவு, கூடு வெற்றிடம், குதிரை மரம் என்று எல்லாம் சேர்ந்து, நீண்டு இழுக்காமல் உருண்டையாக விழும் அந்தத் 'தும்' ஒலியைத் தருகின்றன. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையைத் தனியே பிரித்துக் கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு, இந்த வித்தியாசத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஒரே கைவினைஞர் தொடங்கி முடித்த கருவி இது என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்கூடத்தோடு வீடுகளும் சேர்ந்து உழைத்தன. ஒரு பாகம் ஒரு வீட்டில், இன்னொன்று அடுத்த தெருவில் என்று வேலை நடந்தது. அதனால்தான் அக்காலத்துக் கருவிகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. ஒன்றில் கழுத்து மெலிந்திருக்கும், மற்றொன்றில் பருத்திருக்கும். பழைய கருவிகளைத் தேடுபவர்கள் நாடுவது இந்த வேறுபாட்டைத்தான். மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார் என்பது உண்மையே. ஃபெண்டர் வாங்க அவரிடம் வசதியில்லை; இடது கைக்காரரான அவருக்கு, இருபுறமும் சமச்சீரான இந்த வடிவம் பொருந்தியும் வந்தது. அந்த விலையை வைத்துக் கருவியைச் 'சரக்கு' ஆக்குவது, எல்லாவற்றையும் இழந்து வந்து முதலிலிருந்து தொடங்கியவர்களின் திறமைக்குச் செய்யும் அநியாயம்.

இன்றைய மதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பேஸ் கிட்டார்களைப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முதலீடாகப் பார்க்கும் போக்கு பெருகிவிட்டது. கூடுள்ள மரக்கருவியில் பசை விட்டிருக்கிறதா, பலகை பிளக்கிறதா என்பது வாசிப்பவருக்குத்தான் முதலில் தெரியும். மெக்கார்ட்னி இன்றும் மேடையில் வாசிக்கும் 1963-ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு ஹெஃப்னரின் பக்கவாட்டில், சான் பிரான்சிஸ்கோவில் 1966-இல் நடந்த பீட்டில்ஸ் கச்சேரியின் பாடல் பட்டியல் ஒட்டியபடியே இருக்கிறது. திரும்பக் கிடைத்த கிட்டாரையும் அவர் சும்மா வைத்திருக்கவில்லை. பழுதுபார்த்து, 2024 டிசம்பரில் லண்டன் மேடையில் வாசித்தார். கட்டுரையில் விலைக்குக் கொடுத்த இடத்தை இந்தச் செய்திக்குக் கொடுத்திருக்கலாம்.

பூபென்ராய்ட்டில் இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அங்கிருந்தும் அந்தக் கைவினைஞர் குடும்பங்களிடமிருந்தும் செய்தி திரட்டித் தங்கள் இணைப்பில் ஒரு தொடர் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். கருவியின் பெயர் வரும் இடத்தில் ஊரின் பெயரையும் சேர்த்து அச்சிட்டால் பெரிதும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
எர்லாங்கன், ஜெர்மனி