ஒழுகும் வால்வை அடைக்கச் சொல்லாதீர்கள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எங்கள் தொடர்மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. வோட்டர் ஹீட்டர் வால்விலிருந்து தண்ணீர் ஒழுகும் வீட்டார் அந்த வாயை உடனே அடைத்துவிட வேண்டுமாம். கீழ்வீட்டுச் சீலிங் பழுதானால் செலவும் அவர்களுடையதாம். சீலிங் ஊறிப்போன வீட்டாரின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அடைக்கச் சொல்லியிருக்கும் இடம் மகா ஆபத்தானது. அக்கம்பக்கத்துத் தொடர்மாடிகளிலும் இதே ஆலோசனை சொல்லப்படுவதாகக் கேள்விப்படுவதால் எல்லாக் குழுக்களுக்குமாக எழுதுகிறேன்.

ஹீட்டர் தாங்கிக்குள் குளிர்நீர் போகும் இடத்தில் சின்னதாக ஒரு பித்தளை வால்வு இருக்கும். பக்கத்தில் ஒரு நெம்பி, கீழ்நோக்கி ஒரு சிறிய வாய். தண்ணீர் சூடானால் விரியும். 50 லீற்றர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடாக்கினால் முக்கால் லீற்றருக்கு மேல் கூடும். உள்ளே போன தண்ணீர் குழாய்க்குத் திரும்பாதபடி அந்த வால்விலேயே தடுப்பு இருக்கிறது. அப்படியானால் விரிந்த தண்ணீர் எங்கே போகும்? அந்த வாயால்தான் சொட்ட வேண்டும். ஹீட்டர் போட்டிருக்கும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

வாயை அடைத்துவிட்டு, என்றாவது ஒருநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டும் பழுதாகி, கரன்ட் துண்டிக்கப்படாமல் போனால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்க வழியின்றி அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். தாங்கி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாகும். நீராவிக்குத் தண்ணீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும். சுவரே பெயர்ந்துவிடும். குளியலறையில் அப்போது ஒரு பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடைத்து வைத்த வால்வு ஒன்றை இரண்டாம் மாடியில் நேரிலேயே பார்த்தேன். வாயில் த்ரெட் சீல் நாடாவைத் தடிப்பாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் மூடி இறுக்கப்பட்டிருந்தது. கடற்காற்றில் பச்சைப் பூத்திருந்த நெம்பியை விரலால் அசைக்கவே முடியவில்லை. மெரின் டிரைவ் பக்கம் இருக்கும் நமக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. அந்த வீட்டார் மேல் பிழை சொல்ல மாட்டேன். அறிவித்தலில் இருந்ததைத்தானே செய்தார்கள்.

ஹீட்டரை நிறுத்திய பிறகும் இரவெல்லாம் ஒழுகினால்தான் பழுது தேட வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இங்கே சுண்ணாம்பு பெரிதாகப் படிவதில்லை. மேல் தாங்கியைக் கழுவும்போது கிளம்பும் துருவும் மண்ணும் வால்வுக்குள் போய் உட்காருவதுதான் அடிக்கடி நடக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு நெம்பியைச் சில விநாடிகள் தூக்கிப் பிடித்தால் பல வேளை அழுக்கு வெளியே வந்துவிடும். அப்புறமும் ஒழுகினால் வால்வையே மாற்றுங்கள், அதே அழுத்த அளவுள்ளதாகப் பார்த்து.

இனி, குழு மட்டுமே செய்யக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் 10 மீற்றர் இறங்கினால் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறும். பத்து மாடிக் கட்டடத்தில் அடித்தளத்துக்கு அதுவே 3 பார் ஆகிவிடும். மேல்மாடிகளில் ஷவர் மெதுவாக வருகிறது என்று மொட்டைமாடியில் பூட்டிய பிரஷர் பம்பின் லைனிலேயே கீழ்வீடுகளையும் விட்டால் அதற்கு மேல் இன்னும் 2, 3 பார் சேரும். பெரும்பாலான ஹீட்டர் வால்வுகள் 7 அல்லது 8 பாரில் திறக்கும். இடைவெளி குறையக் குறைய ஒழுக்கு கூடத்தான் செய்யும். எங்கள் கட்டடத்தில் புகார்கள் பெரும்பாலும் கீழ்மாடிகளிலிருந்து வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கீழ்மாடிகளுக்குப் போகும் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று பூட்டுவதுதான் சரியான வைத்தியம்.

லண்டனில் நம் உறவுகளின் வீட்டைச் சூடாக்கும் பொயிலரிலும் இதே வேலையைச் செய்யும் வால்வு உண்டு. அது பொதுவாக 3 பாரில் திறக்கும். அங்கே ஒழுகினால், விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் சிறிய தாங்கியில் காற்று இறங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்படியான தாங்கியை இங்கும் ஹீட்டருக்குப் பக்கத்தில் பூட்டலாம், ஒழுக்கு வெகுவாகக் குறையும்.

சீலிங் ஊறுவதைத் தடுக்கவும் வழி இருக்கிறது. வால்வின் வாயிலிருந்து ஒரு குழாயை மடிப்போ வளைவோ இல்லாமல் சாய்வாக இறக்கி, குளியலறைத் தரை வடிகாலுக்குமேல் திறந்தபடி விட்டால் கீழ்வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. சுடுதண்ணீர் வரும் குழாய் என்பதால் யார் காலிலும் படாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த அறிவித்தலைக் கழற்றுங்கள். ஏற்கெனவே அடைத்தவர்கள் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மூடியைத் தாங்களே கழற்றாமல், வேலை தெரிந்த பிளம்பர் வரும்வரை ஹீட்டரைப் போடாதிருக்கும்படி வீடு வீடாகச் சொல்லுங்கள். பிளம்பர் வரும் நாளை அறிவித்தால், கீழ்மாடிக் குழாய்களில் அழுத்தமானி பூட்டிப் பார்க்க நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்