தாத்தாவுக்குக் கடிகாரம் செய்யும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

தாத்தாவின் பிறந்தநாளுக்கு நீ செய்யப்போகும் கடிகாரத்தின் மாதிரிப் படம் வந்து சேர்ந்தது. ரப்பர் ஸ்டாம்பால் நீ பதித்திருக்கும் பூக்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. அதிலும் ஒரு பூ இன்னொன்றின் பின்னால் ஒளிந்திருப்பதுபோல் செய்திருக்கிறாயே, அது அருமை. முதல் பூவை வேறொரு தாளில் பதித்து, ஓரமாக வெட்டி, அதை வைத்து மூடிவிட்டுத்தானே அடுத்த பூவைப் பதித்தாய்? அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

ஆனால் கண்ணு, மணி என்ன என்று தேட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு இடத்திலும் ஒரே பூ. முள்ளும் அதே நிறம். மணி தெரியாத கடிகாரம் வெறும் படம்தான் என்பது என் உறுதியான எண்ணம். இதைப் பொதுவில் எழுதுவதும் அதனால்தான். பெங்களூரில் கைவேலை கற்றுக்கொள்ளும் நம் பெண்கள் பலர் அலங்காரத்தில் இறங்கியதும் மணியை மறந்துவிடுகிறார்கள்.

மேலும் இது யாருக்கு? தாத்தா எச்.எம்.டி.யில் வேலை பார்த்தவர். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய அதே நிறுவனம்தான். இன்றைக்கும் தாத்தா காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். நீ வாங்கப்போகும் கிளாக் மெஷினில் அவருக்கு வேலையே இல்லை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் நொடி முள்ளின் ஒரு துடிப்பு. ஒரு பேட்டரி போட்டால் போதும், மாதக்கணக்கில் யாரும் தொட வேண்டாம். அவர் தினமும் கை வைக்க ஏதாவது இருக்க வேண்டாமா?

அதற்கு எனக்குத் தோன்றியது நாழிகை வளையம். ஒரு நாழிகை 24 நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 30 நாழிகை. அதாவது சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்றும்போது சரியாக 30 நாழிகை போகிறது. டயலைச் சுற்றித் தனியாக ஒரு காகித வளையம் செய்து, அதில் 30 இடத்தில் இலை ஸ்டாம்பைப் பதி. தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு சூரியன். நாழிகைக் கணக்கு சூரிய உதயத்திலிருந்துதான் தொடங்கும். பெங்களூரில் உதயம் மே, ஜூனில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். ஜனவரியில் ஆறே முக்காலை ஒட்டிப் போய்விடும். அதனால் வளையத்தை ஒட்டிவிடாதே, சுழலும்படி விடு. காலண்டரில் அன்றைய உதயத்தைப் பார்த்து, சின்ன முள் அந்த நேரத்தில் எங்கே நிற்குமோ அங்கே சூரியனைத் திருப்பி வைப்பது தாத்தாவின் வேலை. காலை நாழிகை எத்தனை என்று சின்ன முள்ளே காட்டும். அது டயல் விளிம்பை எட்டும் நீளத்தில் இருக்கட்டும்.

கோடு பிரிக்கக் கண்ணளவை நம்பாதே. காம்பஸால் வட்டம் போட்டு, அளவை மாற்றாமல் அப்படியே விளிம்பில் ஆறு முறை வைத்துக்கொண்டு போ. ஆறு புள்ளி கிடைக்கும். இரண்டு புள்ளிக்கு நடுவே இரண்டு மணி நேரம், அதாவது ஐந்து நாழிகை. டயலுக்கு அந்த இடைவெளியை இரண்டாகப் பிரி, வளையத்துக்கு ஐந்தாகப் பிரி. இரண்டும் ஒரே ஆறு புள்ளியிலிருந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

பூக்கள் எல்லாம் வளையத்துக்குப் போகட்டும். டயல் வெறிச்சென்று வெள்ளையாக, தமிழ் எண்களோடு இருக்கட்டும்: ௧, ௨, ௩ தொடங்கி ௰௨ வரை. எண் படிக்கத் தெரியாதவருக்கும் இடத்தை வைத்து மணி தெரியும். கடையில் இந்த எண்களுக்கு ஸ்டாம்ப் தேடி அலையாதே, பெரிய அழிரப்பரில் நீயே செதுக்கு. டிரேசிங் தாளில் பென்சிலால் எண்ணை எழுதி, எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி ரப்பர்மேல் வைத்துத் தேய். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும். அதை விட்டுச் சுற்றியுள்ளதைச் செதுக்கினால், பதிக்கும்போது நேராக விழும். பதிக்கும்போது அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போடு. நேராக அழுத்தி நேராக எடு. ஆட்டினால் ஓரம் இழுத்துக்கொள்ளும்.

மை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை தண்ணீர் பட்டால் பரவும், வெயிலில் வெளுக்கும். அதன்மேல் ஃபெவிகால் பூசினால் இலையெல்லாம் கலங்கிவிடும். நிறமி மையாக (பிக்மென்ட் இங்க்) கேட்டு வாங்கு. காயத் தாமதமாகும், பரவாயில்லை. கெட்டி அட்டை 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) போதும், அவென்யூ ரோட்டிலோ, சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் இருக்கும் பக்கமோ தேடு. வளையத்துக்கு மட்டும் இரண்டு அட்டையை ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் நெளியும்.

அடுக்கு இப்படி: கீழே 30 செ.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது). அதன் நடுவில் 14 செ.மீ. வட்ட அட்டை, வளையத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக. வளையத்தின் உட்துளை இந்த வட்டத்தைச் சுற்றி லேசாக உட்காரும். மேலே 20 செ.மீ. டயலை நடுவட்டத்தோடு மட்டும் ஒட்டினால், அதன் ஓரமே வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். பலகையின் முன்னால் தாள் ஒட்டினால் பின்னாலும் ஒட்டிவிடு, ஒருபக்கமாக வளையாமல் இருக்கும்.

கடைசியில் முள் மாட்டுவது. மூன்றும் 12-ஐப் பார்க்கும்படி வை: முதலில் மணி முள், அப்புறம் நிமிட முள், அதன்மேல் நொடி முள். பிறகு பின்னால் உள்ள சக்கரத்தைத் திருப்பித்தான் நேரம் வைக்க வேண்டும், முள்ளைப் பிடித்துத் தள்ளாதே. அட்டையில் முள் வெட்டிப் போடும் ஆசை இருந்தால் விட்டுவிடு. கனமான முள்ளை இந்த மெஷின் இழுக்காது.

ரப்பர் செதுக்கும் லினோ உளி என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அல்சூர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள். மெஷினை மட்டும் அதற்குள் வாங்கிவிடாதே. எல்லா அடுக்கையும் ஒட்டி முடித்து, நடுவில் மொத்தத் தடிமன் எவ்வளவு என்று அளந்து, அதைத் தாண்டி நட்டு மாட்ட இடம் இருக்கும் அளவுக்கு முள் மாட்டும் தண்டு நீளமாக உள்ளதைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அத்தை