பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: நுழைவுத் தேர்வும் சொல்வளமும்

புது டெல்லி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புகளில் சேர 2022 முதல் சியுஇடி பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படையாகிவிட்டதால், நம் மாணவர்களின் ஆங்கிலச் சொல்வளத்தைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். 2025ஆம் ஆண்டின் முறைப்படி ஒவ்வொரு தாளிலும் 60 நிமிடங்களில் 50 வினாக்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். ஆங்கிலத் தாளில் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை நேரடியாகவே கேட்கப்படுகின்றன.

இதற்காகப் பல வீடுகளில் தடிமனான சொற்பட்டியல் புத்தகம் வாங்கித் தந்து, நாளுக்கு ஐம்பது சொல் என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது; ஆனால் அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் பயிற்சித் தேர்வில், குறைந்த சம்பளத்தில் நான்கு பெண்களைப் படிக்கவைத்த ஒரு தந்தையைப் பற்றிய வாக்கியத்தில் ‘ஃப்ரூகல்’ (சிக்கனமான) வர வேண்டிய இடத்தில், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் ‘மைஸர்லி’ (கருமித்தனமான) என்று குறித்திருந்தார். அவர் படித்த பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. “அந்த அப்பா சிக்கனக்காரரா, கருமியா?” என்று தமிழில் கேட்டதும், சற்றும் தயங்காமல் “சிக்கனக்காரர், மேடம்” என்றார். வேறுபாடு அவருக்குத் தமிழில் முன்பே தெரிந்திருந்தது. அதை ஆங்கிலச் சொல்லோடு இணைத்துப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே, ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழைக் குறைத்துவிடாதீர்கள். இந்தியில் ‘உபன்யாஸ்’ நாவல், நம் வீட்டில் உபந்நியாசம் ஆன்மிகச் சொற்பொழிவு. அங்கே ‘அவகாஷ்’ விடுமுறை, இங்கே அவகாசம் கால வசதி. ஒரு சொல்லின் பொருளை அது வழங்கும் இடம்தான் முடிவு செய்கிறது என்பதை டெல்லியில் வளரும் நம் பிள்ளைகள் அன்றாடம் காண்கிறார்கள். இது பெரும் பலம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளைகள் நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படித்து, அதில் கண்ட ஐந்து புதிய சொற்களை, அவை வந்த வாக்கியத்தோடும் தமிழ்ப் பொருளோடும் தாமே அமைத்த வேறொரு வாக்கியத்தோடும் ஒரு நோட்டில் எழுதட்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அதே பக்கத்தைத் திருப்பி, பொருளை மறைத்துவைத்து நினைவுகூர வேண்டும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் சொல்லே தேர்வு நாள்வரை நிலைக்கும். இரவு உணவின்போது அவற்றில் ஒரு சொல்லைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், விளக்கம் தெளிவாக இருக்கிறதா என்பதை உங்களால் நிச்சயம் கணிக்க முடியும்.

இந்த நோட்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆங்கில ஆசிரியை பார்வையிடுவார். அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு வரும்போது தவறாமல் எடுத்துவாருங்கள். ஒவ்வொருவருடைய நோட்டையும் உங்கள் முன்னிலையில் நானே பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை